கூட்டம் கூடாமல் ஒரு கூட்டம்

முன்னாள் மாணவர் சங்கத்துக்குச் செயலாளராக இருப்பவனுக்குச் சம்பளம் கிடையாது. கூட்டம் நடந்தால் சாப்பாடு சரியில்லை என்பார்கள், நடக்காவிட்டால் செயலாளரே சரியில்லை என்பார்கள். ஏதாவதொரு சங்கத்தில் மாட்டிக்கொண்டு முழிக்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எங்களுடையது மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் சங்கம். எழுபதுகளின் கடைசியில் காலரா வந்த வருடம் நான் பட்ட பாட்டில் கொஞ்சம் இங்கே.

இரண்டு இலாகா

காலரா பரவியதும் யாரும் கூட்டம் கூடக் கூடாது என்று சுகாதார இலாகா தடை போட்டது. கல்யாணங்களே தள்ளிப்போயின. எங்கள் ஆண்டுக்கூட்டமும் தள்ளிப்போகும் என்று நான் நிம்மதியாக இருந்தபோது தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஆள் அனுப்பினார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் கடைசி வீட்டைத் தோட்ட மேனேஜரான துரை எங்கள் சங்கத்துக்குக் கொடுத்திருந்தார். வருடம் தவறாமல் கூட்டம் நடத்த வேண்டும் என்பது நிபந்தனை. நடத்தாவிட்டால் வீடு உரக்கிடங்காகிவிடும்.

அங்கேதான் எங்கள் பழைய மாணவி சரஸ்வதி, பகலெல்லாம் கொழுந்தெடுத்துவிட்டு, மாலையில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி வந்தாள். காலராவால் வகுப்பு நின்றிருந்தது. வீடும் போனால் மறுபடி தொடங்க இடமில்லை. “கூடினா சுகாதார இலாகா புடிக்கும், கூடலைன்னா உர மூட்டை வரும். நான் என்னங்க செய்யறது?” என்று கேட்டேன். கிராணி சொன்னார்: “அது வேற டிபார்ட்மெண்டு, இது வேற டிபார்ட்மெண்டுலா.”

லாரித் தபால்

எங்கள் உறுப்பினர்களில் பாதிப் பேர் திரிங்காப்பில் பூத்தோட்டத்திலும் கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டத்திலும் இருந்தார்கள். போய்ப் பார்க்க வழியில்லை. காய்கறி லாரி மட்டும் ஓடியது. அதை ஓட்டிய முனியாண்டியும் பழைய மாணவன்தான். ‘எல்லாரும் சுகமா? தண்ணியைக் காய்ச்சிக் குடிங்க. கூட்டம் எப்படியும் நடக்கும்’ என்று அவனிடம் சொல்லி அனுப்பினேன்.

இரண்டு நாளில் என் வீட்டு வாசலில் முட்டைக்கோஸ், பார்லி, விபூதிப் பொட்டலம் என்று வந்து குவிந்தன. திரிங்காப்பில் எனக்காக அர்ச்சனையே செய்துவிட்டார்களாம். முனியாண்டியைப் பிடித்து விசாரித்தேன். கொஞ்சமும் வெட்கமில்லாமல் சொன்னான்: “கூட்டம்னு சொன்னா ஒருத்தனும் லாரிகிட்ட வரமாட்றான் அண்ணே. செக்ரட்டரி ஆஸ்பத்திரில கெடக்காருன்னேன், ஓடியாந்தானுங்க!”

காற்றில் வந்த வருகை

அடுத்த யோசனை சரஸ்வதியுடையது. வானொலிக்கு அஞ்சலட்டை போட்டு, எல்லார் பெயரிலும் ஒரு பாட்டுக் கேட்டோம். அறிவிப்பாளர் அத்தனை பெயரையும் மூச்சு விடாமல் வாசித்துப் பாட்டைப் போட்டார். அன்று தோட்டமே ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. கியா பார்மில் ஸ்ட்ராபெரி விற்கிற ஒருவருக்கு மட்டும் அவர் பெயர் வந்த இடத்தில் ரேடியோ கொர்ரென்றதாம். என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

எல்லார் பெயரும் ஒரே நேரத்தில் ஒலித்ததால் இதையே ஆண்டுக்கூட்டமாக ஏற்றுக்கொள்ளலாமே என்று கிராணியிடம் போய் நின்றேன். அவர் சொன்னார்: “ரேடியோல பேரு வந்தா கூட்டத்துக்கு வந்த கணக்குன்னா, மந்திரி தெனமும் நம்ம வீட்டுக்குல்ல வர்றாரு!”

கையைத் தூக்காதே

வருடக் கடைசியில் கொழுந்து மண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமையும் ஆள் வேண்டும், வெளியாள் வந்தாலும் சரி என்றார் துரை. சரஸ்வதி ஓடி வந்தாள். “அண்ணே, மலையில ஆளுக்கொரு நிரை. யாரும் யாரையும் ஒட்டி நிக்கறதில்ல. வேலைக்குத் தடையும் இல்ல. அங்கயே வச்சிருவோமா?” முனியாண்டி செய்தியைச் சுமந்து போனான். ஞாயிறு காலை பூக்காரர்களும் காய்கறிக்காரர்களும் முதுகில் கூடையோடு தனித்தனியாக வந்து, தேயிலை வரிசைகளுக்கு நடுவே ஆளுக்கொரு நிரையாக நின்றார்கள். நான் என் நிரையிலிருந்து அறிக்கையைக் கத்தினேன். கீழே பாதையில் மோட்டாரை நிறுத்திய சுகாதார அதிகாரி வெகுநேரம் பார்த்துவிட்டு, குற்றம் ஒன்றும் அகப்படாமல் போய்விட்டார்.

அடுத்து நிர்வாகிகள் தேர்தல் வந்தது. ஆதரிக்கிறவர்கள் கையைத் தூக்கலாம் என்றதும் மலை முழுவதும் கைகள் எழுந்தன. வேலையை மேற்பார்க்கிற, எங்கள் சங்கத்தில் சேராத கங்காணிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை: “கையக் கீழ போடுங்கடா! கொழுந்துல இருக்கட்டும் கை!”

நிறுவை

கூட்டத்துக்கு வந்த தலைகளை மேட்டிலிருந்து எண்ணிய கிராணி, சாயங்காலம் கொழுந்தை நிறுக்கும் இடத்துக்குத் துரையோடு வந்தார். வீடு தங்குமா என்று தெரியாமல் சரஸ்வதி கூடையை இறக்கக்கூட மறந்து நின்றாள். திரிங்காப்காரர்கள் பூப்பறிக்கிற பழக்கத்தில் காம்பை நீளமாக விட்டுக் கிள்ளியிருந்தார்கள். துரை ஒரு கூடையில் கைவிட்டு, விறகு போன்ற ஒரு குச்சியை உருவிப் பார்த்துவிட்டுத் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: “செக்ரட்டரி, வீடு வச்சிக்கோ. மீட்டிங் நல்லா இருக்கு. கொழுந்துதான் ரொம்ப மோசம்.”

தடை நீங்கி, சாப்பாடும் சொல்லி, நாற்காலி போட்டு நடத்திய அடுத்த வருடக் கூட்டத்தில் என் நன்றியுரையைப் பெரும்பாலும் காலி நாற்காலிகள்தான் கேட்டன.