கால் படாத கோலம்

தாராவியில் ஒரு சின்ன மைதானத்தை 'மூழ்கவைக்கும் விளையாட்டு வெளி'யாக மாற்றப்போகிறோம் என்ற காகிதத்தை என்னிடம் நீட்டினார்கள். மூழ்குவதற்கு அங்கே ஜூலை மாத மழையே போதும் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. காகிதத்தைத் தயாரித்த வடிவமைப்பாளப் பெண் மட்டும் "நைஸ், அங்கிள்" என்று சொல்லி எதையோ குறித்துக்கொண்டாள். அதையும் திட்டத்தில் சேர்த்துவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

மாநகராட்சித் துறையில் பூங்கா, மைதானக் கோப்புகளைப் பார்த்தே பணிக்காலம் முழுவதையும் கழித்து ஓய்வு பெற்றவன் நான். மாட்டுங்காவில் குடியிருப்பவனுக்குத் தாராவி மைதானக் குழுவில் என்ன வேலை என்று கேட்கலாம். எங்கள் கட்டடத்துக்குப் பல வருடங்களாகக் காலையில் இட்லி கொண்டுவரும் அம்மாள் அந்த மைதானத்தை ஒட்டிய சந்தில் இருக்கிறாள். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். சந்தில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம் அழைத்துவருவாள். அவள்தான் என்னைக் குழுவில் போடச் சொன்னாள்.

"எங்க சந்துல பிள்ளைய ஓடுததுக்கு அது ஒண்ணுதான் சார் எடம். அதுவும் போயிரக் கூடாது. நீங்க ரூல்ஸ் தெரிஞ்சவிய, பாத்துக்கிடுங்க."

பார்த்துக்கொண்டேன். ரொம்ப நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

திட்டம் இதுதான்: மண்ணை மூடித் தகரக் கூரை போடுவது. தரை முழுக்கக் கெட்டிக் கண்ணாடி, அதன் அடியில் விளக்குகள், காலடியை உணரும் கருவிகள். விளக்குகள் சேர்ந்து ஒரு பெரிய புள்ளிக்கோலமாக ஒளிரும். பிள்ளைகள் மிதித்தால் அந்த இடத்துக் கோடு கலைந்து தாமரையாக விரியும். எத்தனை காலடி என்பதைச் சுவரில் ஒரு திரை எண்ணிக் காட்டும்.

"நம்ம ரூட்ஸ், அங்கிள். தமிழ் ஆளுங்க இருக்கிற பஸ்தினா கோலம் வேணும்ல? மிதிச்சா ப்ளூம் ஆகும். ஏக்தம் மேஜிக்" என்றாள் அந்தப் பெண். மும்பைப் புறநகர் முலுண்டில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள்.

"மேஜிக் இருக்கட்டும். எர்த்திங் எங்கேம்மா காட்டியிருக்கே?" என்றேன்.

வரைபடத்தை மூன்று முறை பார்த்தேன். எர்த்திங், சாக்கடைச் சரிவு, நுழைவாயில் அகலம், கண்ணாடியின் கனம் என்று ஆட்சேபணைகள் எழுதி, ஒவ்வொன்றையும் திருத்த வைத்தேன். அதோடு நிற்கவில்லை. ஆறு மாதத்துக்குள் போதிய காலடிகள் பதிவாகாவிட்டால் திட்டத்தைக் கைவிட்டு இடத்தைத் துறையிடம் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு நிபந்தனையை நானே எழுதிச் சேர்த்தேன். இந்தப் புதுப் பொம்மை பிள்ளைகளுக்குப் பிடிக்காமல் போனால் மண் தரையாவது திரும்பி வரட்டும் என்ற கெட்டிக்காரத்தனம். அதே இடத்துக்கு வண்டி நிறுத்தத் திட்டம் ஒன்று துறையின் அலமாரியில் காத்திருந்தது எனக்குத் தெரியாது. கையெழுத்தான மறுநாள் பழைய சகா ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். காலடி குறைந்தால் பிள்ளைகள் வெளியே, லாரிகள் உள்ளே.

திறப்பு நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு விளக்கைப் போட்டார்கள். கோலம் அழகாகத்தான் இருந்தது. அந்தச் சந்தில் அவ்வளவு பெரிய கோலம் போட யாருக்கும் இடம் இருந்ததில்லை. பிள்ளைகள் ஓடிவந்தார்கள். வந்து விளிம்பில் நின்றார்கள். ஒரு சிறுமி காலை நீட்டினாள்.

"ஏளா! கோலத்த மிதிக்காதளா! கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

நீட்டிய கால் பின்னுக்குப் போனது. அதற்குப் பிறகு கூட்டம் கோலத்தைச் சுற்றி வந்தது. சில பெண்கள் கும்பிட்டார்கள். ஒருத்தி நடுவில் குத்துவிளக்கு வைக்கலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டாள். பிள்ளைகள் ஓரத்துச் சிமெண்டுத் திண்டில் வரிசையாக, கீழே விழுந்துவிடாமல் நடந்து வீட்டுக்குப் போனார்கள். சுவர்த் திரையில் இருந்த எண்ணிக்கை, ரிப்பன் வெட்டியவர்கள் ஷூவோடு நடந்ததில் வந்தது.

அடுத்த வாரம் முழுக்க அந்தத் திரையின் எண்ணை நகர்த்தியவை நாய்கள்.

"படத்தப் பாத்துட்டுத்தானே சார் கையெழுத்துப் போட்டிய? கோலம்னு தெரியலியா ஒங்களுக்கு?" என்று இட்லிப் பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டு அந்த அம்மாள் கேட்டாள்.

தெரிந்தது. அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அவள் என் வீட்டு வாசலில் நின்று கேட்டாள். எங்கள் இருவருக்கும் நடுவே தரையில் பிளாஸ்டிக் ஸ்டிக்கர் கோலம் ஒட்டியிருந்தது. நானும் என் மனைவியும் பால்காரனும் தினம் மிதித்து ஒரு மூலை உரிந்துபோன கோலம். முலுண்டுப் பெண்ணின் ஃப்ளாட்டிலும் இதுவேதான் ஒட்டியிருக்கும். இட்லிக்காரம்மாள் ஒருநாளும் அதன்மேல் கால் வைத்ததில்லை. பக்கவாட்டில் நின்றுதான் பாத்திரத்தை நீட்டுவாள். நான் அதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

கோலத்தை மாற்றுங்கள் என்று வடிவமைப்பாளப் பெண்ணிடம் கேட்டேன். "கன்டென்ட் லாக் ஆயிடுச்சு, அங்கிள். வேரியேஷன் அப்ரூவல் வேணும்." அந்த அனுமதிக்கு எத்தனை மேஜை ஏற வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். அந்தப் படிகளில் பாதியைக் கட்டியவனே நான்தான். ஆறு மாதம் போதாது.

வெட்கத்தை விட்டு அந்த அம்மாளிடமே போனேன். பிள்ளைகளை மிதிக்கச் சொல்லுங்கள், வெறும் விளக்குதானே என்றேன்.

"வெறும் வெளக்கா? வெளக்க மிதிக்கலாங்கியளா? சரி, நீங்க படிச்சவிய, நீங்க மொதல்ல மிதிங்க, பாப்போம்."

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கோலத்தில் இறங்கினேன். காலடியில் தாமரை விரிந்தது. திரையில் எண் ஒன்று கூடியது. திண்டில் நின்ற பிள்ளைகள், கோயில் பிரகாரத்தில் எச்சில் துப்பியவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்கள். இரண்டாவது அடி வைக்க முடியவில்லை. வைத்த காலைத் தூக்கவும் யோசனையாக இருந்தது, வேறு எங்கே வைப்பது?

அந்த வாரத்திலேயே ஒரு நாள் பிற்பகல் மின்சாரம் போனது. கோலம் அணைந்து, கண்ணாடி மட்டும் சாம்பல் நிறத்தில் கிடந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சந்திலிருந்த பிள்ளைகள் மொத்தமும் அதன்மேல் இருந்தார்கள். சாக்பீஸால் பாண்டிக் கட்டம் கீறினார்கள், கல்லை அடுக்கிப் பந்தெறிந்தார்கள், வழுக்கி விழுந்து சண்டை போட்டார்கள். அம்மாக்கள் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் திரையைப் பார்த்தேன். காலடிக் கருவிக்கும் திரைக்கும் தனி பேட்டரி. எண் ஓடிக்கொண்டிருந்தது.

பராமரிப்புக்காக விளக்குகளை அணைத்து வைக்கலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு. எத்தனை நாள் என்று எழுத மறந்திருந்தார்கள். அன்று மாலையே 'பராமரிப்பு நடைபெறுகிறது' என்று மூன்று மொழியில் பலகை மாட்டச் செய்தேன். விளக்கு சுவிட்ச் பெட்டியின் சாவி இட்லிக்காரம்மாளிடம் போனது. பலகை அடுத்த ஐந்து மாதமும் அங்கேயே தொங்கியது.

ஆய்வு நாளில் அதிகாரிகள் திரையைப் பார்த்து அசந்துபோனார்கள். தரையை யாரும் பார்க்கவில்லை. படம் எடுப்பதற்காக மட்டும் விளக்கைப் போட்டார்கள். பிள்ளைகள் தாமாகவே திண்டில் ஏறி நின்றுகொண்டார்கள். படம் அற்புதமாக வந்தது. மக்கள் பண்பாட்டோடு கலந்த தொழில்நுட்பத்தின் வெற்றி என்று அறிக்கை எழுதினார்கள். வண்டி நிறுத்தக் கோப்பு மூடப்பட்டது. வடிவமைப்பாளப் பெண் என் கையைப் பிடித்து, "பார்த்தீங்களா அங்கிள், ரூட்ஸ்!" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஆமாம்மா என்று தலையாட்டினேன். உண்மையைச் சொல்லியிருந்தால் மைதானம் போயிருக்கும்.

மறுநாள் காலை இட்லி வந்தது. "மைதானம் தப்பிச்சிட்டு சார். சாவி எங்கிட்டயே இருக்கட்டும். எவனாவது லைட்டப் போட்டுரப் போறான்."

இப்போது அதே கோலத்தைச் செம்பூரிலும் சுனாபட்டியிலும் பதிக்கப் போகிறார்கள். இரண்டு குழுவிலும் நான் இருக்கிறேன், அனுபவஸ்தன் என்ற முறையில்.  முதல் கூட்டத்துக்குப் போனேன். புது வரைபடத்தை விரித்ததும் எர்த்திங்கை நான் பார்க்கவில்லை. விளக்குக்கும் காலடிக் கருவிக்கும் தனித்தனி சுவிட்ச் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடினேன்.