இரட்டைக் கணினிகளும் மலைக் கணினியும்

பழைய எழுத்துருவில் அடித்த தமிழ் வினாத்தாள்களை யூனிகோடுக்கு மாற்றும் நிரல் ஒன்றை, கள்ளக்குறிச்சியில் என் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்தே எழுதினேன். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் தொகுப்பு ஒன்றில் அதைச் சேர்த்துக்கொண்டார்கள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பிறகு ஒரு மின்னஞ்சல் வந்தது. நிரலின் மூலத்தைப் பழைய லினக்ஸில் கட்டி இயங்கு கோப்பாக்கினாலும் புதிதில் கட்டினாலும் ஓர் எழுத்துகூடப் பிசகாமல் ஒரே கோப்பு வரவேண்டும், உங்களுடையது வரவில்லை, வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் நீக்கிவிடுவோம் என்றார்கள்.

கட்டிய தேதி உள்ளே பதிவதுதான் வம்பு என்று முடிவுகட்டி, அதை எடுத்தேன். கடையின் இரண்டு கணினிகளிலும் கட்டிப் பார்த்தேன். அச்சு அசலாக ஒன்றே. 'சரியாகிவிட்டது' என்று பதில் போட்டேன்.

புதுக்கோப்பை, வெள்ளிமலைப் பள்ளியில் டீச்சராக இருக்கும் பெரியம்மா மகளுக்கும் பென்டிரைவில் போட்டு பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன். மறுநாளே அக்கா போனில் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாடி அனுப்பிச்ச? ஏதோ கட்டளைய காணோம்னு சொல்லிக்கினே இருக்கு."

அப்போதுதான் உறைத்தது. எங்கள் தொழிலில் ஒரு கணினியில் எல்லாவற்றையும் போட்டு, அந்த வட்டை அப்படியே மற்றதற்கு நகலெடுப்போம். வேலை மிச்சம். ஒன்றையே இரண்டு முறை சோதித்துவிட்டு ஊருக்கெல்லாம் சரி என்று சொல்லியிருக்கிறேன். என் மேலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பழைய லினக்ஸில் கட்டளைகள் இரண்டு கோப்புறைகளில் பிரிந்திருக்கும். புதியதில் இரண்டும் ஒன்றாகி, பழைய பெயர் மட்டும் இன்னொரு வாசலாக நிற்கும். என் நிரலோ, புது லினக்ஸ் ஓடும் கடைக் கணினிகளில் கட்டும்போது கண்ணில் பட்ட புதுக் கோப்புறையின் முகவரியை உள்ளே எழுதிவைத்துவிட்டது. மலையில் நெட் வராததால் அக்காவின் கணினி புதுப்பிக்கப்படவே இல்லை. அங்கே அந்த முகவரியில் எதுவும் கிடையாது.

எந்த லினக்ஸிலும் இருக்கும் பழைய முகவரியையே எழுதும்படி திருத்தினேன். கடையில் கட்டி, வந்த கோப்பில் ஓர் எழுத்து பிசகினாலும் மாறிவிடும் அடையாளக் குறியை, அறுபத்துநான்கு எழுத்தையும், நோட்டில் எழுதிக்கொண்டேன். கடையைச் சாத்திவிட்டு வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் மலையேறினேன். இந்த முறை கண்ணால் பார்க்காமல் ஒரு வரி எழுதுவதில்லை என்று இருந்தேன்.

அக்காவின் கணினியில் கட்டினேன். திரையில் வந்த குறியை அவள் ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க, நான் நோட்டில் டிக் அடித்தேன். நாற்பதாவது எழுத்தில் கரண்ட் போனது. மறுபடி முதலிலிருந்து. அறுபத்துநான்கும் பொருந்தின. வினாத்தாளும் திறந்தது.

இறங்கும்போது நெட் கிடைத்த வளைவில் பதில் அனுப்பினேன். முதல் வரி: 'நான் முன்பு சொன்னது தப்பு.'

சனிக்கிழமை பதில் வந்தது. நிரல் இருக்கும். கூடவே ஒரு வேண்டுகோள்: அந்த மலைக் கணினியைத் தயவுசெய்து புதுப்பிக்காதீர்கள், சோதனைக்கு வேண்டும்.

அக்காவிடம் சொன்னேன். "அப்ப என் தலையெழுத்து இந்த ஓட்ட கம்ப்யூட்டர்தானா? புதுசு குடுங்கன்னு எத்தினி வருஷமா கேட்டுக்கினு இருக்கேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை என் இரட்டையில் ஒன்றை மலைக்கு ஏற்றி அவள் மேசையில் வைத்தேன். பழையதை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் இரண்டு கையாலும் பிடித்தபடி கீழே இறங்கினேன்.