சேறு படாத கால்

சுத்தி நடக்குறதக் கண்ணத் தொறந்து பாத்தாலே பாதி படிப்பு வந்துடும்னு யாராவது சொன்னா எனக்கு எரிச்சல் பத்திக்கினு வரும். நானும் பாத்தேன், கத்துக்கினேன். அந்தப் படிப்ப வச்சி ஒரு மசுரும் புடுங்க முடியல.

எங்க சாதிக்கு இடஒதுக்கீடு கேட்டு மரத்த வெட்டி ரோட்ல போட்ட வருசம் அது. கேட்டது ஞாயம்தான், அதுல எனக்கு மறுபேச்சு இல்ல. எங்க தெருவுல பன்னெண்டாவது தாண்டினது எங்கண்ணன் ஒருத்தன்தான். கவருமெண்ட் பஸ்ல கண்டக்டர் வேலைக்கு அடுத்த வாரம் நேர்ல வரச் சொல்லியிருந்தாங்க. அதுக்காக ஒரு வெள்ளச் சட்டைய இரவல் வாங்கி மடிச்சி வச்சிருந்தான்.

தியாகதுருகம் ரோட்ல ஒரு புளியமரம் விழுந்து கெடக்குதுன்னு காலைல சேதி வந்துச்சு. பஸ் நின்னுபோச்சு. விழுந்த மரத்த யாரு வுடுவா? வெறகுக்கு ஆச்சுன்னு ஊரே கோடாலி, கொடுவாளத் தூக்கிக்கினு ஓடுச்சு. அண்ணனும் போனான். போலீஸ் வேன் வந்ததும் எல்லாரும் கரும்புக்குள்ள பூந்துட்டாங்க. நாம இன்னா தப்பு பண்ணோம்னு இவன் மட்டும் கோடாலியோட நின்னுருக்கான். மரம் வெட்டினவன்னு சொல்லி ஏத்திக்கினு போயிட்டாங்க. கேஸ் வுழுந்தா கவருமெண்ட் வேலை அம்போதான்.

அழுதுக்கினு ஒக்காராம நான் போயி அந்த அடிமரத்தப் பாத்தேன். கோடாலியால வெட்டின மரம் சரிவு சரிவா இருக்கும், சுத்திலும் செதில் செதிலா சிதறிக் கெடக்கும். இது பலகையாட்டம் மட்டமா இருந்துச்சு. கீழ மாவாட்டம் தூள். ரம்பம் போட்டு அறுத்தது. எங்க ஊர்ல அவ்ளோ பெரிய ரம்பம் பண்ணக்காரர் வூட்டு மாட்டுக் கொட்டாயில மட்டும்தான் தொங்கும். அங்க தெனமும் சாணி அள்ளுறவ நான். அந்த ரம்பம் ஆளு ஒசரம், ரெண்டு முனைலயும் கைப்பிடி. எப்பவும் பல்லு வெளிய தெரியற மாதிரி மாட்டியிருக்கும். அன்னிக்கு சுவத்தப் பாக்கத் திருப்பி மாட்டியிருந்துச்சு. வெரல வுட்டுப் பாத்தா பல்லு சந்துல ஈரத் தூளு.

அப்பா ராத்திரியெல்லாம் பண்ணக்காரர் கரும்புக்குத் தண்ணி கட்டிட்டு விடியக்காலைலதான் வந்து படுத்திருந்தாரு. அவர எழுப்பி, எல்லாத்தையும் சொல்லி, கள்ளக்குறிச்சி ஸ்டேஷனுக்கு நடத்தியே கூட்டிக்கினு போனேன். வழியெல்லாம் அவரு எனக்குப் பின்னாடியே தங்கித் தங்கி வந்தாரு. புள்ளைய நெனச்சி கலங்கிப்போயிருக்காருன்னு நெனச்சேன்.

எஸ்.ஐ. நான் சொன்னத முழுசாக் கேட்டாரு. அப்பறம் டீயக் குடிச்சிக்கினே, "அது ரம்பம்னு எனக்கும் தெரியும்மா. எனக்குக் கண்ணு இல்லியா? அந்த வூட்டு வாசப்படி நான் ஏற முடியுமா?"ன்னாரு.

தெரிஞ்சே வச்சிருக்கான் பாவி.

"அப்ப எங்கண்ணன வுடுங்க ஐயா."

"ரம்பம்னா தனியா இழுக்க முடியாது. ரெண்டு பேரு வேணும்"னு சொல்லிட்டு எங்கப்பாவப் பாத்தாரு. "பெரியவரு எங்க வேலை செய்யறாரு?"

"அந்தப் பண்ணையிலதான்"னு நான்தான் சொன்னேன். சொல்லிட்டுத் திரும்பினா அப்பா தலை குனிஞ்சி நிக்கறாரு. கம்பிக்குப் பின்னாடி இருந்து அண்ணன், "போதும், வூட்டுக்குப் போ. அப்பாவக் கூட்டிக்கினு போ"ன்னான். அவனுக்கு முன்னயே தெரிஞ்சிருக்கு.

வேலை போச்சு. வெள்ளச் சட்டையத் திருப்பிக் குடுத்தோம். அப்பறம் ஒதுக்கீடும் வந்துச்சு, பண்ணக்காரர் வூட்டுப் புள்ளைக்குக் காலேஜ்ல எடமும் கெடச்சுது. எங்கண்ணன் வெள்ளிமலைக்கு ஜீப்பு ஓட்டினான், சந்தைக்கு வர்ற ஜனத்தையும் தெனை மூட்டையையும் ஏத்திக்கினு. டிக்கெட் கிழிக்க வேண்டிய கை. பண்ணக்காரர் மேலயும் அந்த எஸ்.ஐ. மேலயும் எனக்கு இருக்கற ஆத்திரம் கட்டைல போற வரைக்கும் ஆறாது.

ஆனா அன்னிக்கு ஸ்டேஷன்லருந்து திரும்பி வரும்போது எனக்கு அப்பா மேலதான் வெறி. அறுத்துப் போட்டிருந்த அந்த மரத்துக்கிட்ட வந்ததும் நின்னுட்டேன். ஊரான் வூட்டு ரம்பத்த உத்துப் பாத்தவளுக்கு வூட்ல இருந்தது கண்ல படல. கரும்புக்குத் தண்ணி கட்டிட்டு வர்றவருக்கு முழங்கால் வரைக்கும் சேறு இருக்கும். காலு கழுவத் தண்ணி மொண்டு குடுக்கறதே நான்தான். அன்னிக்கு அவரு தண்ணியே கேக்கல.

"தண்ணி கட்டப் போன மனுசன் கால்ல சேறு எங்கப்பா?"ன்னு கேட்டேன். வாய்க்கால்லயே கழுவிட்டேன்னு பொய் சொல்லியிருந்தாக்கூட சண்ட போட்டிருப்பேன்.

அப்பா அடிமரத்தையே பாத்துக்கினு சொன்னாரு: "இந்த மரம் வுழுந்தாத்தான் உங்கண்ணனுக்கு வேலை கெடைக்கும்னு பண்ணக்காரரு சொன்னாரும்மா. அதான் இழுத்தேன்."