முள்ளங்கித் தொட்டியில் யானைப் பல்

இசோபேயும் நானும் ஒரே படகு. எங்கள் செத்தோ உட்கடலில் அடிவலை இழுத்தால் மீனோடு யானைப் பல்லும் வரும். பல்லாயிரம் வருஷத்துக்கு முந்தின பனியுகத்தில் இங்கே கடலே இல்லையாம், யானைகள் மேய்ந்தனவாம். மேய்ந்ததோடு போகாமல் என் வலையைக் கிழிக்கப் பல்லையும் விட்டுப் போக வேண்டுமா? மற்றவர்கள் திட்டிக்கொண்டே திரும்பக் கடலில் வீசுவார்கள். இசோபே கைக்குழந்தை மாதிரி வீட்டுக்குத் தூக்கிப் போவான். உப்போடு காய்ந்தால் பல் அப்பளமாக நொறுங்கும் என்று, நல்ல தண்ணீரில் ஊறப் போட்டு மாசக்கணக்கில் தண்ணீர் மாற்றுவான். விரலைத் தண்ணீரில் தொட்டு நக்கி, உப்பு போய்விட்டதா என்று பார்ப்பான். கல்யாணம் ஆகாதவன், வீடு முழுக்க வாளி.

“உன் வாயில இருக்குறதைவிட வாளியிலதான்டா பல்லு ஜாஸ்தி” என்பேன்.

எல்லாவற்றிலும் அவனுக்கு உயிர் ஒரு பாதிப் பல். உடைந்த பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருப்பான். மறுபாதி கிடைக்காமல் சாகமாட்டேன் என்பான்.

ஒரு குளிர்காலம் முள்ளங்கி ஊறுகாய் வாங்க ஷிகெனோ வீட்டுக்குப் போனோம். கணவனைப் பறிகொடுத்தவள். ஊறுகாய்த் தொட்டி மூடியை, கனத்துக்கு வைக்கும் கல்லுக்குப் பதிலாக, அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஒரு பாதிப் பல். இசோபே அதன் உடைப்பைத் தடவினான், முகம் வெளுத்துவிட்டது.

“இது என் பல்லு!”

“உங்க பல்லு உங்க வாயில இருக்கு. இது எங்க வீட்டுக்காரர் வலையில வந்தது.”

“உப்புலயே கெடந்தா பாழாப் போயிடும்மா!”

“அப்ப எனக்குத் தோதா ஒரு கல்லு கொண்டாங்க. புடிச்சா பல்லைத் தர்றேன்.”

ஞாயிறுதோறும் கல் சுமந்தான். முதல் கல்லை வாங்கி வைத்துக்கொண்டு, “யோசிச்சுச் சொல்றேன்” என்றாள். அடுத்தது வழுக்கியது. அதற்கடுத்தது லேசு. இன்னொன்றுக்கு மூஞ்சி சரியில்லையாம். ஒவ்வொரு தடவையும் வாசலுக்கே தேநீரும் ஊறுகாயும் மட்டும் தவறாமல் வந்தன. தெருவே சிரித்தது.

“கல்லுல கோளாறில்லடா” என்றேன்.

“பின்ன எதுல?”

தலையில் அடித்துக்கொண்டேன்.

இலையுதிர்காலத்தில் வலை தூக்கும்போது அவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை போக முடியவில்லை. நான் அவன் முதுகுக்கு மருந்துத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தபோது ஷிகெனோ ஒரு வாளியோடு வந்து நின்றாள். உள்ளே தெளிந்த தண்ணீரில் பல்.

அவன் பாதியை நான் எடுத்துக் கொடுத்தேன். அவள் சேர்த்துப் பிடித்தாள். நூல் நுழைய இடமில்லை. குப்புறக் கிடந்தபடியே இசோபே அழுதான். எனக்கும் கண் கலங்கியது, வலையாவது மண்ணாவது.

பழக்கதோஷத்தில் வாளியில் விரல் விட்டு நக்கினான்.

“உப்பே இல்லியே! இதுக்கு மாசக்கணக்காகுமே. எப்ப எடுத்தீங்க தொட்டியிலேர்ந்து?”

“நீங்க மொதக் கல்லு கொண்டாந்த அன்னிக்கே. இப்ப தொட்டி மேல அதுதான் உக்காந்திருக்கு.”

“அப்புறம் எதுக்கு இத்தனை கல்லு?”

ஷிகெனோ என்னைப் பார்த்தாள். “நீங்களாவது சொல்லக்கூடாதா?”

“சொல்லிப் பாத்தாச்சும்மா.”

பிறகு இசோபேயின் காது மெல்லச் சிவந்தது.

“அப்ப... ஞாயித்துக்கிழமை கல்லு இல்லாம வரலாமா?”

“மொதல்ல இடுப்பு சரியாகட்டும்” என்றாள். “வெறுங்கையோடயே வாங்க.”