அத்தானுக்கு வாங்கிய வில்

லண்டனில், ஸ்ட்ரெதத்தில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்னறையில் என் அக்காவின் கணவர் எட்டு மாதம் உட்கார்ந்திருந்தார். அகதிக் கோரிக்கைக்கு முடிவு வரும்வரை வேலை செய்யக்கூடாது என்று கடிதத்தில் தெளிவாக எழுதியிருந்தார்கள். அக்கா கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தாள். இவருக்கு முடிவு வந்தால்தான் அவள் வரலாம். நான் காலையில் அச்சகத்துக்குப் புறப்படும்போது அத்தான் கதிரையில் இருப்பார். பின்னேரம் திரும்பினால், சோறு கறி ஆக்கி மூடிவைத்துவிட்டு அதே கதிரையில் இருப்பார். எண்பதுகளின் கடைசியில் எங்கள் ஆட்கள் பலருடைய வீட்டில் இப்படி ஒரு கதிரை இருந்தது.

அவரை வெளியே கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று எனக்கு உண்மையாகவே தோன்றியது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லப்போவதெல்லாம் எனக்கு எதிரானவை.

அச்சகத் தொழிலாளர் கிளப்பில் அம்பெய்யும் பிரிவு ஒன்று இருந்தது. ஞாயிறு தோறும் ஒரு மைதானத்தில் கூடுவோம். நான் கிளப்பின் பழைய மரவில்லை இரவல் வாங்கி ஒரு வருடமாக எய்துகொண்டிருந்தேன். மற்றவர்கள் கொம்பவுண்ட் வில்லுக்கு மாறிவிட்டார்கள். இரண்டு நுனியிலும் சக்கரம் வைத்த வில் அது. இழுக்கத் தொடங்கும்போது பாரம் ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தைத் தாண்டியதும் சக்கரங்கள் உருண்டு பாரம் பாதியாகக் குறைந்துவிடும். பிறகு ஆறுதலாகக் குறி பார்க்கலாம். அவர்கள் அப்படி ஆறுதலாக நிற்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும். அதிலும் இலையும் சருகுமாக நிறம் பூசிய அமெரிக்க வேட்டை வில் ஒன்றை விலைப்பட்டியலில் பார்த்த நாளிலிருந்து நித்திரையே சரியாக இல்லை. இந்த நாட்டில் வில்லால் வேட்டையாடச் சட்டம் விடாது. எனக்கு வேட்டையும் வேண்டாம், அந்த வில் மட்டும் வேண்டும்.

தனி ஆளாக எனக்கென்று அதை வாங்கக் கூச்சமாக இருந்தது. அக்கா லொட்ஜில் கிடக்கிறாள், இவனுக்கு வில்லுக் கேட்குதோ என்று எவரும் கேட்பார்கள். அத்தானுக்கு என்று வாங்கினால் யார் என்ன சொல்ல முடியும்?

கடை தெற்கு லண்டனின் ஓரத்தில் இருந்தது. கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்ட கிழட்டு வெள்ளைக்காரர். அவசரமே இல்லாத மனிதர். யாருக்கு என்று கேட்டார். நான் அத்தானைக் காட்டினேன். அவர் அத்தானின் இரண்டு கைகளையும் விரிக்கச் சொல்லி நாடாவால் அளந்தார். வலது கை தோளுக்கு மேலே போகவில்லை. அளந்து முடித்து, புதிதாகத் தொடங்குகிறவருக்கு நாற்பது இறாத்தல் பாரம் போதும் என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இவருக்குத் தோளிலோ கழுத்திலோ பழைய காயம் ஏதாவது உண்டா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை," என்றேன்.

அத்தான் என்னிடம் கேட்டார்: "என்னவாம், தம்பி?"

"உங்களுக்கு இந்த வில்லு பிடிச்சிருக்கோ எண்டு கேக்கிறார்."

"ஓம் ஓம், பிடிச்சிருக்கு எண்டு சொல்லும்."

அவருடைய தோளைப் பற்றி எனக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். ஆமி முகாமில் கைகளைப் பின்னால் கட்டி உத்தரத்தில் தூக்கியதை அவர் சொல்லச் சொல்ல, சட்டத்தரணிக்காக ஆங்கிலத்தில் எழுதியவனே நான்தான். வலது தோள் இன்னும் முழுதாக உயராது என்ற வரியை என் கையால் எழுதியிருக்கிறேன். போகிற இடமெல்லாம் அவருடைய காயத்தைத்தானே விசாரிக்கிறார்கள், ஒரு கடையிலாவது அவர் சும்மா ஒரு மனிதனாக நிற்கட்டும் என்று நினைத்துத்தான் இல்லை என்றேன். நெடுங்காலம் எனக்கு நானே இப்படிச் சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை. காயம் இருக்கிறது என்றால் அந்தக் கிழவர் வேட்டை வில்லைத் தரமாட்டார். மற்றப் பாதி அதுதான்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. நாங்கள் இரண்டு பேரும் பாவிக்கப்போகிறோம், அதனால் என் அளவுக்கே வைத்துவிடுங்கள் என்றேன். கிழவர் முகத்தைச் சுளித்தார். கொம்பவுண்ட் வில் ஒருவருக்கு அளந்து வைத்தால் அவருக்குத்தான், காலுக்குப் போடும் சப்பாத்து மாதிரி, என்றார். அத்தான் நாணை இழுக்கும் தூரம் என்னுடையதைவிட ஓர் அங்குலம் குறைவு. ஓர் அங்குலத்தில் என்ன வந்துவிடும் என்றேன். பாரம் ஐம்பத்தைந்து இறாத்தல். நாலு நிறத்தில் ஊசி வைத்த குறிகாட்டி, வில் ஆடாமல் இருக்க முன்னால் நீட்டும் கம்பி, மணிக்கட்டில் கட்டி நாணை விடுவிக்கும் விசை, முன்கைக்கு உறை, அம்பறாத்தூணி என்று ஒவ்வொன்றாகத் தெரிவு செய்தேன். அம்பு கட்டையாக இருந்தால் பின்னால் நழுவிக் கையைத் துளைக்கும் என்று சொல்லி, கிழவர் அலுமினிய அம்புகளையும் என் கைக்கே அளந்து வெட்டினார். அத்தான் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்த்து, "நல்ல சாமான்," என்று திருப்பிக் கொடுத்தார்.

கடைசியில் கிழவர், அவர் ஒருமுறை இழுத்துப் பார்க்கட்டும் என்றார். அத்தான் இழுத்தார். பாதி தூரத்தில் முகம் வெளுத்துப் போயிற்று. விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. சக்கரங்கள் உருண்டன, பாரம் குறைந்தது, அவர் சிரித்தார். அவர் இந்த நாட்டுக்கு வந்தபிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு. "ஏலும், தம்பி," என்றார்.

நீட்டுக் கறுப்புப் பெட்டியோடு ரயிலில் ஏறியபோது உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். குண்டுவெடிப்புக்குப் பயந்து, கேட்பாரற்ற பைகளைப் பற்றி ஸ்டேஷன் ஸ்டேஷனாக எச்சரிக்கை ஒட்டியிருந்த காலம். பொலிஸ் மறித்தால் என்ன சொல்வது என்று அத்தான் கேட்டார். நான் கதைக்கிறேன், நீங்கள் சும்மா இருங்கள் என்றேன்.

நாலு மாதம் ஞாயிறு தவறாமல் எய்தார். ஒரு நாளும் நோகுது என்று சொன்னதில்லை. மனைவியின் தம்பி வீட்டில் இருந்து, அவன் வாங்குகிற அரிசியில் சாப்பிட்டுக்கொண்டு, அவன் ஆசையாக வாங்கித் தந்த பொருளை வேண்டாம் என்று சொல்ல எங்கள் பக்கத்து மாப்பிள்ளை ஒருவருக்கும் வாய் வராது. அது எனக்கு நன்றாகத் தெரியும். திங்கட்கிழமைகளில் இடது கையால் தேத்தண்ணி ஆற்றினார். அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு வேலைக்குப் போனேன்.

பிறகு சட்டத்தரணி அவரை ஒரு டொக்டரிடம் அனுப்பினார். முகாமில் பட்ட காயங்களுக்கு அந்த டொக்டர் எழுதித் தரும் அறிக்கையில்தான் வழக்கே தங்கியிருக்கிறது என்றார். மொழிபெயர்க்க வழக்கம்போல நான் போனேன். டொக்டர் இளம் பெண். தோளை மெல்லப் பிடித்து அசைத்துப் பார்த்தாள். எழுதினாள். மறுபடி அசைத்துப் பார்த்தாள். பழைய காயத்தின் மேல் புதிதாக ஏதோ கிழிந்திருக்கிறதே என்றாள். இங்கே வந்தபிறகு பாரமான வேலை, விளையாட்டு, ஏதாவது செய்தாரா?

கேள்வியை அப்படியே தமிழில் சொன்னேன். அத்தான் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"வில்லு இழுக்கிறதைச் சொல்லும், தம்பி."

சித்திரவதை பட்டவர் ஐம்பத்தைந்து இறாத்தல் வில் இழுக்கிறார் என்று அறிக்கையில் வந்தால் யார் நம்புவார்கள்? வழக்கு போய்விடும், அக்கா லொட்ஜிலேயே கிடப்பாள், எல்லாம் என்னால். இந்த யோசனை வந்து போக ஒரு கணம்தான் எடுத்தது.

"ஒன்றும் செய்யவில்லையாம்," என்று டொக்டரிடம் சொன்னேன்.

அத்தானுக்கு ஒரு வருடத்து ஆங்கிலம் இருந்தது. 'நோ' என்பதை விளங்கிக்கொள்ள அது போதும். வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போலச் சோறு போட்டுத் தந்தார்.

டொக்டருக்குச் சந்தேகம் தீரவில்லை. மறுபடி வரச் சொல்லி இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. அன்றைக்கு நான் லீவு எடுத்து, சேட்டு மாற்றிக்கொண்டு நின்றேன். அத்தான் வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீர் வேலைக்குப் போம். கிங்ஸ்பரியிலையிருந்து, ஊரிலை இங்கிலீஷ் படிப்பிச்ச ஒரு மாஸ்டர் வாறார். அவர் கதைப்பார்."

"ஏன் அத்தான், நான் இருக்கிறன்தானே?"

அவர் நாடாவைக் கட்டி முடித்தார். ஒற்றைக் கையால் கட்டியதால் நேரம் எடுத்தது.

"நீர் என்ரை நன்மைக்குத்தான் சொல்லுறீர். எனக்குத் தெரியும். ஆனா நான் சொன்னதைச் சொல்ல ஒரு ஆள் வேணும்."

முகாமிலும் அவர் சொல்லாததை எழுதித்தான் கையெழுத்து வாங்கினார்கள். அதையும் அவர் சொல்ல, சட்டத்தரணிக்காக ஆங்கிலத்தில் எழுதியவன் நான். இது எனக்கு அன்றைக்கு அச்சகத்தில், மெஷினுக்கு முன்னால் நிற்கும்போதுதான் உறைத்தது. மேற்பார்வையாளர் வந்து உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

மாஸ்டர் எல்லாவற்றையும் உள்ளபடி சொன்னார். டொக்டர் பழைய காயம் இது, புதிய காயம் இது என்று பிரித்து எழுதினாள். வில்லைச் சொன்னது வழக்கைக் கெடுக்கவில்லை. முதலில் இல்லை என்று சொல்லியிருந்ததுதான் கெடுத்தது. ஒரே ஆள் இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறார், இவரை எப்படி நம்புவது என்று கேட்டு அதிகாரிகள் கோரிக்கையை மறுத்தார்கள். அப்பீல் செய்து வெல்ல இரண்டு வருடம் போனது. அந்த இரண்டு வருடமும் அக்கா லொட்ஜில் இருந்தாள். முதலில் மறுத்துச் சொன்னது அத்தான் அல்ல, நான்தான் என்று அவர் எந்த இடத்திலும் சொல்லவில்லை. நானாகப் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் எனக்கும் விசாப் பிரச்சினை வரும் என்று ஒருவர் பயமுறுத்தினார். எனக்கு அது வசதியாக இருந்தது.

வில்லைக் கிளப்புக்கே கொடுத்துவிட்டேன். யாரோ அதை நாற்பது இறாத்தலுக்கு இறக்கி வைத்துப் பாவித்தார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அக்கா வந்துசேர்ந்தாள். இருவரும் ஈஸ்ட் ஹாமில் வீடு எடுத்தார்கள். சனிக்கிழமைகளில் அவள் அத்தானைக் குசினி வாங்கில் இருத்தி, நல்லெண்ணெயைச் சூடாக்கி வலது தோளில் தேய்ப்பாள். அழுத்தும் இடத்தில் அவர் பல்லைக் கடிப்பார். அவளுக்குப் பொறுக்காது. "இந்தத் தோளை இப்பிடி ஆக்கினவன் நல்லாயிருப்பானே? அவன்ரை கை அழுகிப் போகும்," என்று ஆமிக்காரனைத் திட்டுவாள். அத்தான் அந்த நேரத்தில் என் பக்கம் பார்க்கவே மாட்டார். திட்டி முடித்துக் கையைக் கழுவிவிட்டு, "தம்பி, பசிக்குதோ?" என்று கேட்டு முதல் சோற்றுக் கோப்பையை எனக்குத்தான் போடுவாள். நானும் ஓம் என்று சொல்லி வாங்கிச் சாப்பிடுவேன்.