எட்டுக் கால் வெட்டுக்கிளி

அந்த வெட்டுக்கிளி பச்சைப் பிளாஸ்டிக்கினாலானது; அதற்கு எட்டுக் கால்கள். விஞ்ஞான ஆசிரியர்கள் நிறைந்த மண்டபத்தில் ஒரு கல்விப் பணிப்பாளர் அதை உயர்த்திப் பிடித்துப் புன்னகைத்ததை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கல்முனையில் நடந்த அந்தச் செயலமர்வுக்கு, ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் என்ற முறையில் நான் தலைமை தாங்கினேன். நடத்தியவர் பொத்துவிலைச் சேர்ந்த ஓர் ஆசிரியை. தாம் படிப்பித்த நாவிதன்வெளியின் வயல் வரம்புகளிற் பிடித்த வெட்டுக்கிளிகளைத் துணி கட்டிய போத்தல்களிற் கொண்டுவந்திருந்தார். அவற்றின் பின்னங்கால் மடங்கி விரிவதை அவதானித்து, ஈர்க்கிலும் இறப்பர் பட்டியும் கொண்டு பாயும் பொறியொன்றை ஒவ்வொரு குழுவும் செய்யவேண்டும். முதலிற் செய்தவையெல்லாம் குப்புற விழுந்தன. நரைத்த ஆசிரியர்கள் மறுபடியும் போத்தலருகே குனிந்து, தொடையின் நீளத்தை ஒப்பிட்டு, கோணத்தை மாற்றினார்கள். கற்றல் என்பது அதுதான்.

தாமதமாக வந்த பணிப்பாளருக்குப் பொன்னாடை போர்த்துவதற்காக அந்த வேலை நிறுத்தப்பட்டது. உயிருள்ள பூச்சிகள் புகைப்படத்துக்கு அழகல்லவாம். போத்தல்களை வெளியே திறந்துவிடச் சொல்லி, தாம் வாங்கிவந்த பொம்மைகளை மேசையிற் பரப்பினார்.

“சேர், இதுக்கு எட்டுக் கால் இரிக்கு. பூச்சிக்கு ஆறுதானே,” என்றார் ஆசிரியை.

“ரெண்டக் கழட்டிட்டாச் சரி டீச்சர். ஆரு எண்ணப் போறா?”

மண்டபம் சிரித்தது.

“புள்ளையள் எண்ணும்,” என்றேன் நான்.

“சேர் பழைய ஆள், கோவம் வரும்தான்,” என்று பணிப்பாளர் என்னையும் அந்தச் சிரிப்புக்கு இரையாக்கினார்.

ஆசிரியையின் இடமாற்ற விண்ணப்பம் பணிப்பாளருடைய மேசையிற் கிடந்தது எல்லோருக்கும் தெரியும். பொத்துவிலில் ஆசிரியையின் தாய் படுத்த படுக்கையாக இருந்தார். ஆகவே, படம் எடுக்க அழைத்தபோது ஆசிரியை மறுக்கவில்லை. பணிப்பாளர் பொம்மையின் முன்காலைத் திருகப்போனபோது மட்டும், “அதில்ல சேர், வயித்துல இரிக்கிற ரெண்டும்,” என்று தாழ்ந்த குரலிற் சொல்லி, தாமே அவற்றைப் பிடுங்கினார். நான் அந்தப் படத்தில் நிற்கவில்லை.

சென்ற வாரம், ஓய்வுபெறும் அந்தப் பணிப்பாளரின் பாராட்டு மலருக்கு வாழ்த்துரை கேட்டு விழாக் குழுவினர் என் வீட்டுக்கு வந்தார்கள். ஆசிரியைக்கு இடமாற்றம் கொடுத்த அவரது பெரிய மனத்தைக் குறிப்பிட வேண்டுமாம். உரிய சேவைக் காலத்தை முடித்தவருக்கு அது உரிமை. எவருடைய தயவும் அல்ல. கையொப்பம் வந்ததோ, தாய் மௌத்தாகி, அடக்கி, நாற்பதாம் நாள் கத்தமும் ஓதி முடிந்த பிறகு.

“கையொப்பம் வந்த நாளையும் எழுதவா?” என்று கேட்டேன்.

வந்தவர்கள் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள்.