தானாக நிரம்பிய கட்டம்

தெமோதரையில் என் கடை என்பது ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு போட்டோகொப்பி மெஷின். அவ்வளவுதான். விண்ணப்பம் போடச் சுற்றுத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் என்னிடம்தான் வருவார்கள். அன்று தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க வந்தவள், கொழுந்து பறிக்கும் ஒருத்தியின் மகள். வயதெல்லைப்படி அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு.

"பாத்துப் போடுங்கக்கா."

"என்னமோ நான் கண்ண மூடிக்கிட்டுப் போடுற மாதிரி சொல்ற!" என்று கிண்டலடித்தேன்.

தோட்டத்தில் வீட்டுக்கு வீடு முகவரி கிடையாது. வரிசை வீடுகளான எல்லா லயத்துக்கும் தோட்டத்தின் பெயர்தான் முகவரி. நான் அதைத் தட்டியதுமே கம்ப்யூட்டர் தொலைபேசி எண்ணையும் தானாக நிரப்பிவிட்டது. அது அவளுடைய எண் அல்ல. முந்தின வாரம் அதே தோட்டத்திலிருந்து அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வந்த ஓர் அண்ணனுடையது. பக்கத்தில் பச்சையாக ஒரு 'சரி' விழுந்தது. பச்சையைப் பார்த்தேன், எண்ணைப் பார்க்கவில்லை. அனுப்பிவிட்டேன்.

காகிதத்தில் எழுதிய காலத்தில் ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டுவேன். எதிரே இருப்பவர் "ஆமாங்க" என்ற பிறகுதான் அடுத்த வரி. கம்ப்யூட்டர் வந்ததும், அது பார்த்துக்கொள்ளும் என்று நான் விட்டேன். நான் பார்த்துக்கொள்வேன் என்று அது விட்டது. சீ, இதெல்லாம் ஒரு கூட்டு வேலையா!

சில மாதம் கழித்து அந்த அண்ணன் கடைக்கு வந்தார். "இங்கிலீசுல என்னமோ இண்டர்வியூன்னு மெசேஜ் வந்துச்சு தங்கச்சி. நமக்கு எதுக்குன்னு அழிச்சிட்டேன்" என்றார். அடையாள அட்டைக்கு ஏது இண்டர்வியூ? சேமித்து வைத்திருந்த அவள் விண்ணப்பத்தின் பிரதியைத் திறந்தால், அவர் எண்தான். தாதியர் பயிற்சி அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.

"மெசேஜ் போய்ச் சேந்ததா கம்ப்யூட்டர்ல காட்டுது. இண்டர்வியூவுக்கு வராதவங்களுக்குத் திரும்பத் தேதி குடுக்க மாட்டோம்."

அன்று பின்னேரமே அவள் லயத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பிரதியையும் காட்டினேன். திட்டட்டும், வாங்கிக்கொள்வோம் என்றுதான் போனேன். அவள் தாளை மடித்து என் கையிலேயே கொடுத்தாள்.

"நான் கொழும்புக்கே போய்ப் பேசுறேன், இரு" என்றேன்.

"வேணாங்க்கா. நாளைக்கு அம்மாவோட கொழுந்துக்குப் போக, தோட்டத்துல பேர் பதியப் போறேன். நீங்க சும்மா என்னயச் சமாதானப்படுத்தாதீங்க. எனக்குத் தகுதி இருந்திருந்தா, கம்ப்யூட்டரு எப்பிடியும் என்னயக் கண்டுபிடிச்சிருக்கும்."